துண்டு மூலையில் ஒரு பேர்

குழந்தை நீலம் பாரிக்கிறது என்று நர்ஸ் கூச்சல் போட்டபோது நான் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். பாதி உரித்த முட்டை கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது. நாலு கட்டில் தள்ளி நின்றிருந்த டாக்டரம்மா ஓட்டமாக வந்தார். பார்த்தால், குழந்தையின் இடது காது, கழுத்து மடிப்பு, ஒரு பக்கக் கன்னம் எல்லாம் வெளிறிய நீலம். பெற்றவள், என் பக்கத்து வீட்டுக்காரி, வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். மூன்று நாள் பச்சை உடம்பு, அப்படி எழவே கூடாது.

டாக்டரம்மா குழந்தையின் கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். நீலம் விரலில் ஒட்டிக்கொண்டது.

“துண்டு சாயம் போகுது. இதுக்கா இந்தக் கூப்பாடு? வேற துணி சுத்துங்க” என்று நர்ஸை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

இருபத்திரண்டு வருஷமாக லாண்டரியில் துணி மடிக்கிறவள் நான். எந்தத் துணியை எடுத்தாலும் விரல் தானாக மூலைக்குப் போகும். குறியைப் பார்க்காமல் என் சொந்தக் கைக்குட்டையைக்கூட மடிக்க வராது. அன்றும் அந்த நீலத் துண்டை உருவிய கையோடு மூலையைத் திருப்பினேன். கருப்பு மையில், எங்கள் குறிக்காரத் தம்பியின், அதுதான் குழந்தையின் அப்பனின், குண்டு குண்டு எழுத்தில் ‘நிமேயா’ என்று இருந்தது. அடப்பாவி, நம்ம கடைத் துணி! போயும் போயும் இதையா பிள்ளைக்குக் கொடுத்தனுப்பினான் என்று சிரிப்பு வந்தது. அழுக்கு வாளியில் போடப் போனேன்.

“அக்கா, அக்கா! அதைப் போட்டுறாதீங்க” என்று அவள் கையை நீட்டினாள். “அதுலதான் பாப்பா பேரு இருக்கு.”

“எதுல?”

“மூலையில பாருங்க. அவர் எழுதி அனுப்பியிருக்கார். நிமேயா. காலையிலதான் ஆபீஸ்காரர் வந்து பாரத்துல எழுதிக்கிட்டுப் போனார்.”

எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். அன்றைக்கு அந்த வாய் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ. “ஓ” என்றேன். குனிந்து முட்டையைத் தேடினேன்.

நிமேயா என்றால் என்ன என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் முழித்த முழி யாருக்கும் விளங்காது.

எங்கள் லாண்டரிக்கு ஒரு நாளைக்கு அறுநூறு உருப்படி வரும். எல்லாம் ஒரே தொட்டியில் சுழன்று, ஒரே கம்பியில் தொங்கி, என் மேசைக்கு வந்து மலையாகக் குவியும். எது யாருடையது என்று சொல்வது குறி ஒன்றுதான். வெந்நீரில் போட்டு எடுத்தாலும் போகாத மை. மூன்று எழுத்து. முதல் எழுத்து துணியின் குணம். வெ என்றால் வெள்ளை, க என்றால் கஞ்சி போடணும், நி என்றால் நிறம் போகும், தனியாக அலசு. இரண்டாவது எழுத்து தட்டு. கீ கீழ்த் தட்டு, ந நடுத் தட்டு, மே மேல் தட்டு. கடைசி எழுத்து வாடிக்கைக்காரருடையது, ஆளுக்கு ஒன்று. அதில் யா மட்டும் யாருக்கும் கிடையாது. சீட்டுத் தொலைந்து, கேட்க ஆளில்லாமல் கிடக்கிற துணிக்கு யா.

ஆக, நிமேயா என்றால் நிறம் போகும், மேல் தட்டில் போடு, யாருடையது என்று தெரியாது.

முன்பெல்லாம் இரண்டு எழுத்துதான். ஒரு வக்கீலுக்கு எழுத்து ரி, அவர் சட்டைக்கு நடுத் தட்டு. பன்னிரண்டு சட்டைக் காலரிலும் நரி, நரி என்று எழுதி அனுப்பிவிட்டான் நம் தம்பி. வக்கீல் பன்னிரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து ஆடிய ஆட்டம் இருக்கிறதே! அதற்குப் பிறகுதான் மூன்று எழுத்தாயிற்று. புதுக் குறி எதுவானாலும் வாய்விட்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவான். எந்த அர்த்தமும் வந்துவிடக்கூடாது. அர்த்தமில்லாத வார்த்தை செய்வதுதான் அவன் பிழைப்பு. அதைப் படிக்கத் தெரிந்தது அவனுக்கும் எனக்கும்தான். முதலாளி முன்பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே வருகிற ஆளில்லை.

அவன் பெண்டாட்டி ஒரு அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். அம்மா அப்பா யாரென்று அவளுக்கும் தெரியாது, இல்லத்துக்கும் தெரியாது. பேர் வைத்தவர் அங்கே பதிவேடு எழுதுகிறவர். அந்த மனுஷனுக்கு மொத்தமே ஏழெட்டுப் பெண் பேர்தான் தெரியும் போலிருக்கிறது. இவள் வயசில் இவள் பேரிலேயே இன்னும் இரண்டு பேர். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவள் மூணு. சாப்பாட்டுத் தட்டில் மூணு, போர்வையில் மூணு. பிறகு சட்டைக்குப் பட்டன் தைக்கிற கம்பெனியில் சேர்ந்தபோது, மேஸ்திரி முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். யாரையோ கூப்பிடுகிறார் என்று இவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாளாம். சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் பிள்ளை தங்கிய நாளிலிருந்து ஒரே பிடிவாதம். உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத பேர் வேண்டும். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர், அதுவும் மெல்லிசு. நான் காது கொடுக்காவிட்டாலும் கேட்கும். காது கொடுத்தும் கேட்டேன்.

“ஊர்ச் சட்டைக்கெல்லாம் புதுசு புதுசா வார்த்தை கட்டுறீங்க. நம்ம பிள்ளைக்கு ஒண்ணு கட்டக்கூடாதா?”

“நான் போடுறது குறிம்மா. பேரு இல்ல.”

“ரெண்டும் ஒண்ணுதானே? இது இன்னாருதுன்னு தெரியணும், அவ்வளவுதான்.”

“பேருன்னா ஒரு அர்த்தம் வேணாமா? நாள் பூரா அர்த்தமில்லாததையே எழுதுறேன். சொந்தப் பிள்ளையவாவது அர்த்தத்தோட, வாய் நிறையக் கூப்பிடணும்னு எனக்கு ஆசை இருக்காதா?”

“அர்த்தம் இருக்கிற பேரு எல்லாம் ஏற்கெனவே யாருக்காவது இருக்குங்க.”

இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அதுதான் தொல்லை. கடைசி பத்து நாள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தக் கோபத்தோடேயே அவளுக்கு வலி எடுத்து, அந்தக் கோபத்தோடேயே பெற்றாள். பிரசவ வார்டுக்குள் ஆண்களுக்கு மாலை ஒரு மணி நேரம்தான். தம்பி முதலாளியிடம் கேட்டு, மேல் தட்டிலிருந்து பழசாகி மெத்தென்று ஆன ஒரு பெரிய துண்டை எடுத்து நர்ஸிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். புருஷன்காரன் ஒரு வார்த்தையாவது சொல்லி அனுப்ப மாட்டானா என்று அந்தத் துண்டை உதறிப் பார்த்தவளுக்கு மூலையில் அவன் எழுத்து கிடைத்துவிட்டது.

அன்று மாலை அவன் வருகிறபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தலையில் பிளாஸ்டிக் பை, விரலெல்லாம் மை. மாடிப்படியிலேயே மடக்கினேன்.

“தம்பி, பேர் பதிஞ்சாச்சு தெரியுமா?”

“கீழ ஆபீஸ்காரர் சொன்னார்க்கா. இந்தப் பேரை எங்க புடிச்சீங்கன்னு கேக்குறார். எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. என்ன பேரு வெச்சா?”

“நிமேயா.”

சிரித்தான். “கிண்டல் பண்ணாதீங்க. அது மேல் தட்டு.”

“மேல் தட்டேதான். நீ குடுத்த துண்டுல இருந்துச்சில்ல? நீ அவளுக்காகக் கட்டி அனுப்பின பேருன்னு நெனச்சுட்டா.”

தம்பி ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பேந்தப் பேந்த முழித்தான். மேலே ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவனைத் தாண்டிப் போனார்கள்.

“அதுல யா இருக்கேக்கா” என்றான்.

“அதைத்தான் நானும் சொல்றேன். பதினாலு நாளைக்குள்ள மாத்தணும்னா ஒரு பாரம், ஒரு கையெழுத்துப் போதுமாம். அப்புறம்னா ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கணும். போ, போய் உள்ளதைச் சொல்லிடு.”

“சொல்லிடறேன்.”

உள்ளே போனான். நான் வாசலில் நின்றேன். அவள் அவனுடைய மைக் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். “வாயால சொல்ல வராம துணியில எழுதி அனுப்பிட்டீங்களா? வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டே எத்தனை நாள் யோசிச்சீங்க?”

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த தடுப்பூசிப் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தேன்.

“கொஞ்ச நாள்” என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகும் மழை விடவில்லை. லாண்டரியில் எதுவும் காயவில்லை. கம்பிக்குக் கீழே அடுப்பு மூட்டி வைத்தோம், துணியெல்லாம் புகை நாற்றம் அடித்தது, முதலாளி காலையிலிருந்து கத்தினார். தம்பி தினமும் மேசைக்கு வந்து, “இன்னைக்குச் சொல்லிடறேன்க்கா” என்பான். மறுநாள் காலையில் கேட்டால், பாப்பா அழுதது, அவளுக்கு இடுப்பு வலி, அடுப்பில் பால் பொங்கியது என்று ஏதாவது ஒன்று. நானாவது சொல்லியிருக்கலாம். நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு அலைந்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. அவளோ தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில், மாவு மெஷினில், மாடிப்படியில், பார்க்கிறவர்களிடமெல்லாம், “அவரே யோசிச்சு வெச்ச பேரு. வேற யாருக்கும் கிடையாது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறாவது நாள் தம்பியின் அக்காள் வந்தாள். மருந்துக்கடையில் வேலை, பேச்சும் மருந்து மாதிரியே கசக்கும்.

“நிமேயாவா?” என்றாள். “சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“அண்ணி!”

“பின்ன என்ன? எங்க கடையில மூணாவது அலமாரியில இருக்கிற மாதிரி இருக்கு. இருமலுக்கா, வயித்து வலிக்கா? தெருவுல நின்னு கூப்பிட்டா நாலு பிள்ளை திரும்பிப் பாக்கணும். அதுக்குப் பேருதான் பேரு.”

“நாலு பிள்ளை திரும்பினா அதுல நம்ம பிள்ளை எதுன்னு எப்படி அண்ணி தெரியும்?”

“மூஞ்சியைப் பாத்தாத் தெரியாதா?”

“எங்க இல்லத்துல மூஞ்சியைப் பாக்க யாருக்கும் நேரமில்ல” என்றாள் அவள். நாத்தனார்க்காரி அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் டீயை ஊதிக்கொண்டே இருந்தாள்.

லாண்டரி வேன் ஓட்டுகிறவரும் நாத்தனார் கட்சிதான். “புதுசாக் கட்டுன பேரெல்லாம் வேணாம்மா. நான் பட்டுட்டேன். என் பேருல ரெண்டெழுத்து, அவ பேருல ரெண்டெழுத்து, அழகா ஒண்ணு செஞ்சு பையனுக்கு வெச்சோம். ஸ்கூல்ல வாத்தியார் கூப்பிட்டா, தும்முறார்னு நெனச்சு பசங்க எல்லாம் ‘நூறு ஆயுசு சார்’ங்கறானுங்க.”

முதலாளி கேட்டுவிட்டுக் கண்ணை மூடி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். “நிமேயா, நிமேயா. நல்ல வழவழப்பா இருக்கு. சோப்புக்கு வெச்சா பிச்சுக்கிட்டு ஓடும். பிள்ளையக் கொண்டாந்து காட்டச் சொல்லுப்பா.”

அந்த வார்த்தைதான் வினையாகப் போயிற்று.

பதினோராம் நாள் வெயில் அடித்தது. தேங்கிக் கிடந்த துணியெல்லாம் ஒரே நாளில் காய்ந்து என் மேசைக்கு வந்துவிட்டது. தலை நிமிர நேரமில்லை. யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால் அவள், தோளில் குழந்தை. முதலாளியிடம் காட்டிவிட்டு என்னைத் தேடி உள்ளே வந்திருக்கிறாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவள் லாண்டரிக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

“அப்பா, என்ன சூடு! இங்கயா அக்கா நாள் பூரா நிக்கிறீங்க?” என்று சுற்றிப் பார்த்தாள். ஆவி, கம்பி, தொட்டி, பெட்டி. பிறகு தட்டுகளைப் பார்த்தாள். கீழ், நடு, மேல்.

“வா வா, முன்னாடி போய் உக்காரலாம், பிள்ளைக்கு வேர்க்குது” என்று தோளைப் பிடித்துத் திருப்பினேன். திரும்பவில்லை. நிமிர்ந்து மேல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியைக் குறி தெரிகிற மாதிரி அடுக்குவது என் வழக்கம். அன்றைக்கு என் கையை நானே சபித்துக்கொண்டேன்.

“அக்கா, பாப்பா பேரு!” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. “அதோ. அங்கயும். எழுதி எழுதிப் பாத்தாரா?”

நான் மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு...” என்று எண்ணினாள். மூணில் ஒரு நொடி நின்றது அவள் குரல். பிறகு ஒன்பது வரைக்கும் போனாள். சிரிப்பு மெல்ல இறங்கியது. “இது பழைய துணியால்ல இருக்கு. மேல தூசி படிஞ்சிருக்கே. இது எப்போ எழுதினது?”

“நாலைஞ்சு வருஷம் இருக்கும்.”

“பாப்பா பொறந்து பதினோரு நாள்தானேக்கா ஆகுது?”

இனி மென்று முழுங்கிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. நயமாகச் சொல்ல எனக்கு வராது. நி, மே என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், துணிக்குச் சொல்வது போலவே சொன்னேன்.

“யா?”

“யாருதுன்னு தெரியாதது.”

அவள் அதைச் சத்தமில்லாமல் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. அந்த நேரம் பார்த்து அவன் மைக்கிண்ணமும் கையுமாகப் பின்கட்டிலிருந்து வந்தான். அவள் நிற்கிற இடத்தையும் அவள் கண் இருந்த இடத்தையும் பார்த்தான். கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“ஆஸ்பத்திரியிலேருந்து.”

“எத்தனை நாள் யோசிச்சீங்கன்னு கேட்டேன். கொஞ்ச நாள்னீங்க.”

எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

“என்னைத்தான் யாருதுன்னு தெரியாம வெச்சிருந்தாங்க” என்றாள். “என் பிள்ளைக்கு நீங்க இருக்கீங்களே, அது அப்படி இருக்காதுன்னு நெனச்சேன்.” குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் ஓடுகிற தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனாள்.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பதின்மூன்றாம் நாள் காலை நாத்தனார் திருத்தப் பாரத்தோடு வந்து இறங்கினாள். என்னையும் கூப்பிட்டார்கள். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை, குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறவள் மாதிரிதான் போனேன். தம்பி ஒரு மூலையில், தாடியும் அவனுமாக. அவள் குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் சாப்பிடுகிற மேசை மேல் பாரம்.

“நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு” என்றாள் நாத்தனார். “நான் பென்சில்ல நாலு பேரு எழுதியிருக்கேன். எல்லாம் நல்ல, அர்த்தமுள்ள பேரு. எது வேணும்னு சொல்லு, பேனாவுல எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். யாருதுன்னு தெரியாததுன்னு ஒரு பேரா! இதைக் கேட்டுட்டு ராத்திரி பூரா எனக்கே தூக்கமில்ல.”

அவள் அந்த நாலு பேரையும் ஒவ்வொன்றாகக் குழந்தையைப் பார்த்துச் சொன்னாள். நிதானமாக, நல்ல உச்சரிப்போடு. குழந்தை பாட்டுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. பதின்மூன்று நாள் பிள்ளைக்கு என்ன தெரியும்?

“வேற யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கு அண்ணி” என்றாள்.

“பழகிடும்.”

“எனக்குப் பழகலையே. கம்பெனியில அன்னைக்கு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டப்ப எனக்கு இப்படித்தான் இருந்துச்சு.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். இரண்டு நாளில் அவனிடம் பேசிய முதல் பேச்சு. “உங்க நோட்டு எங்க?”

“எந்த நோட்டு?”

“யாருக்கு எந்த எழுத்துன்னு எழுதி வெச்சிருப்பீங்களே.”

வேலைப் பையிலிருந்து எடுத்தான். முனையெல்லாம் மை ஊறிய தடித்த நோட்டு.

“இதுல நம்ம வீட்டுக்கு எந்த எழுத்து?”

“நம்ம வீட்டுக்கா? நாமதான் வீட்டுலயே துவைச்சுக்கறோமே. நமக்குன்னு எதுவும் இல்ல.”

“பேரை மாத்தப் போறதில்ல. குறிய மாத்துங்க.”

“என்னது?”

“யா நம்ம எழுத்து. யா-ன்னா நம்ம வீடு. அப்படின்னு எழுதுங்க.”

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவனுக்கும் புரியவில்லை, அவன் முழியிலேயே தெரிந்தது. “இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?” என்று நாத்தனார் என்னைக் கேட்டாள்.

“அது முடியாதும்மா” என்றான் அவன். “யா போட்டது மேல் தட்டுல எண்பது உருப்படி கெடக்கு. அழிக்க முடியாத மை. அதையெல்லாம் என்ன பண்றது?”

“அப்ப அதெல்லாம் நம்ம வீட்டுது.”

“எண்பதுமா?”

“எண்பதும்.”

அவன் மூலையிலிருந்து எழுந்தான். பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்து, நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். அதில் யா என்ற எழுத்துக்கு எதிரே இருந்ததை அடித்தான். ஒரு தரம் அல்ல, பேப்பர் கிழிகிற மட்டும் அடித்தான். பக்கத்தில் ‘நம்ம வீடு’ என்று எழுதினான். டு மட்டும் கோணலாகப் போயிற்று. மை காய்வதற்காக, கைக்குக் கிடைத்த காகிதத்தை எடுத்து அதன் மேல் ஒற்றினான். அது திருத்தப் பாரம். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி விளங்க வைக்க எங்களுக்கு அரை நாள் ஆயிற்று. முதலில் சிரித்தார், பிறகு கத்தினார், பிறகு மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

“சரிய்யா, யா உன் வீட்டுதுன்னா அந்த எண்பதையும் இன்னைக்கே தூக்கிட்டுப் போ. எனக்குத் தட்டு காலியாகும். ஆனா இனிமே யாருதுன்னு தெரியாதது வந்தா என்ன குறி போடுவ?”

“ஒண்ணும் போட மாட்டேன் முதலாளி.”

“போடாம?”

“சும்மா விட்டுடுவேன். யாராவது கேட்டு வந்தா அப்ப அவங்க எழுத்தைப் போட்டுக்கலாம்.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன்? குறியில்லாத துணியை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு மாசம் எல்லாத் துணியும் இடம் மாறிப் போயிற்று. வக்கீல் வீட்டுக்கு யாருடையதோ பாவாடை போனது. அவர் மறுபடியும் வந்து ஆடினார்.

எண்பது உருப்படியும் வேனில் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போயின. இருக்கிறதே ஒற்றை அறை. கட்டிலுக்கு அடியில், பரண் மேல், ஜன்னல் மேடையில் எல்லாம் முன்பின் தெரியாதவர்களின் துணி. அவள் ஒவ்வொன்றையும் உதறி, பட்டன் இல்லாததற்குப் பட்டன் தைத்து, மறுபடி மடித்து வைத்தாள். “எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? அதையெல்லாம் வெட்டிப் பாப்பாவுக்குச் சட்டையாவது தை” என்றேன். “கேட்டு வந்தா குடுக்கணும்லக்கா” என்றாள். நம்ம வீட்டுது என்றாள், கேட்டு வந்தால் கொடுக்கணும் என்கிறாள். எது அவள் கணக்கு என்று அன்றும் எனக்குப் புரியவில்லை.

குழந்தைக்கு மூன்று மாசம் ஆனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லாண்டரியில் விசாரித்துக்கொண்டு ஒரு பெரியவர் படியேறி வந்தார். கையில் மடித்து மடித்துப் பிய்ந்துபோன ஒரு சீட்டு. பச்சைக் கோட்டு ஒன்று வெளுக்கப் போட்டிருந்தாராம், நாலு வருஷம் முன்பு. நான் அப்போது அவள் வீட்டில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் பரணிலிருந்து கோட்டை எடுத்து உதறினாள். கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

“நாலு வருஷமா ஏன் வரல?” என்று கேட்டாள்.

கோட்டுக்குக் கேட்கிற குரல் இல்லை அது. தம்பி செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினான். நான் அடுப்பை அணைத்தேன்.

“எந்தக் கடையில குடுத்தேன்னு மறந்துபோச்சும்மா” என்றார் அவர். “அப்ப எனக்கு உடம்பு சரியில்ல, ஊரெல்லாம் மாறிட்டேன். சீட்டுல கடை பேரு அழிஞ்சிடுச்சு. தெருத் தெருவா, ஒவ்வொரு கடையாத்தான் கேட்டுக்கிட்டு வரேன்.”

“தேடிக்கிட்டேதான் இருந்தீங்களா?”

“ஆமாம்மா. பின்ன விட்டுற முடியுமா? என்னோடதாச்சே.”

அவள் கோட்டின் காலரை நேராக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டை நீட்டினாள். பெரியவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதிர்ந்திருந்த பட்டன் மறுபடி இருப்பதைத் தடவிப் பார்த்தார். காலருக்கு உள்ளே குறி தெரிந்தது.

“நிமேயா” என்று படித்தார். “இது யாரு? என் பேரு இல்லையே.”

“எங்க பொண்ணு பேரு” என்று அவள் கட்டிலில் கிடந்த பிள்ளையைக் காட்டினாள்.

பெரியவர் கோட்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார். பாவம், தலை சுற்றியிருக்கும். “கேள்விப்படாத பேரா இருக்கே. அர்த்தம் என்னம்மா?”

தம்பி வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டு, குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

“நிறம் போகும். மேல தூக்கி வைக்கணும். எங்க வீட்டுது.”